வாசகர் கேள்வி – பதில்: சேதமான அணைக்கு யார் செலவு செய்வது?

கேள்வி: சென்ற பெருமழையில் எங்கள் பகுதியிலுள்ள மண் அணையின் கலிங்கு (மிகுதி நீர் வழிந்தோடும் அமைப்பு) இடிந்து, கரையின் வெளிப்புறமும் அரித்துப்போய்விட்டது. செப்பனிடும் செலவை மாநகராட்சியே ஏற்கப்போகிறதாம். அணைகளெல்லாம் தேசிய அரசின் பொறுப்பல்லவா? இதை எங்கள் வீட்டு வரியிலும் தண்ணீர்க் கட்டணத்திலும் ஏற்றுவது நியாயந்தானா, ஐயா?
– வாசகி ஒருவர், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்: எல்லா அணைகளும் தேசிய அரசுக்குரியவை அல்ல, அம்மா. வெருலத்துக்கு அருகேயுள்ள ஹேசல்மியர் போன்ற பெரிய அணைகள் தேசிய நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. மாநகராட்சிகளுக்கும் பண்ணையாளர்களுக்கும் சொந்தமான சிறிய அணைகளோ எண்ணிக்கையில் மிக அதிகம். யாருடையதாயினும், சுவர் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்து, 50,000 கன மீட்டருக்கு மேல் நீர் கொள்ளும் அணை 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி பாதுகாப்புக் கண்காணிப்புக்கு உட்பட்டது. பழுதை நீக்கும்படி உரிமையாளருக்கு அமைச்சர் ஆணையிடலாம். அவர் தவறினால் அரசே வேலையை முடித்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். எனவே அணை மாநகராட்சியுடையது என்றால் பொறுப்பும் அதனுடையதே.

வெளியிலிருந்து உதவி கிடைக்காதா என்றால், கிடைக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப்போல் தேசியப் பேரிடராக அறிவிக்கப்படும்போது மானியத்துக்கு வழி உண்டு. ஆனால் 2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பொதுக் கட்டமைப்பைப் பராமரிக்கும் அமைப்பே அதைச் செப்பனிடும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதிலிருந்துதான் தொடங்குகிறது; தடுப்பு நடவடிக்கைகளை முன்கூட்டியே எடுத்தீர்களா, போதிய காப்பீடு இருந்ததா, இல்லையென்றால் ஏன் என்றெல்லாம் பார்த்த பிறகே தேசிய அரசு கைகொடுக்கலாம் என்கிறது. கரையில் வேர்விட்ட மரங்களை அகற்றாமலும், கலிங்கை அடைத்த நாணலை எடுக்காமலும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த நகரம் அங்கே என்ன பதில் சொல்லும்? உங்கள் கோபத்துக்குரிய இடம் அதுதான் என்பேன். செப்பனிடுவதற்கு ஒதுக்கும் பணமன்று.

பணம் எவ்வழியில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். முன்கூட்டி அறிய முடியாத அவசரச் செலவுக்கு மேயர் உடனே அனுமதி தரலாம். ஆனால் 60 நாட்களுக்குள் திருத்திய வரவுசெலவுத் திட்டத்தை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றாவிட்டால், 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி அது அங்கீகாரமற்ற செலவாகிவிடும். அன்றாடப் பராமரிப்புக்கு நீண்டகாலக் கடன் வாங்க அதே சட்டம் இடந்தருவதில்லை. புதிதாகக் கலிங்கு கட்டுவது மூலதனச் செலவு என்பதால் அதற்கு வாங்கலாம். இனிப் பல ஆண்டுகள் பயன்படப்போகும் கலிங்கின் செலவை இந்த ஓராண்டுக் கட்டணத்திலேயே சுமத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: இடிந்ததை முன்பிருந்தபடியே கட்டிவிட்டால் செலவு குறையுமே?
– வாசகர் ஒருவர், பீனிக்ஸ்

பதில்: குறையும், அது இடிந்த காரணத்தைப் பொறுத்து. வெள்ளம் கரையைத் தாண்டி வழிந்திருந்தால், கலிங்கின் பழைய அளவு போதவில்லை என்று பொருள். அதே அளவில் கட்டினால் அடுத்த வெள்ளமும் கரைமேல்தான் ஏறும். மண்கரைக்கு அது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் வழியும் நீர் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உள்நோக்கிச் செல்லும். அகலப்படுத்த இடமில்லாத அணைகளில், பியானோக் கட்டைகளைப்போல் முன்னும் பின்னும் மடித்துக் கலிங்கின் விளிம்பை நீளமாக்குவார்கள். ஹேசல்மியரை உயர்த்தியபோது அவ்வகைக் கலிங்கையே அமைத்தார்கள். வழிந்ததற்கு அடையாளம் இல்லையென்றால் கரையின் அடிவாரத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் சிறிதளவு கசிவது மண்கரைக்கு இயல்பு. கலங்கிய நீர் வந்தால் உள்ளிருந்து மண் அரிபடுகிறது, மேற்பூச்சு வேலை அங்கே உதவாது.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்கு 90 நாட்களுக்கு முன்பே வரவுசெலவுத் திட்டத்தின் வரைவை மன்றத்தில் வைத்து, மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அணையைப் பார்வையிட்ட பொறியாளரின் அறிக்கையில் கலிங்கு எவ்வளவு வெள்ளத்தை வெளியேற்றும் என்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது எழுத்துமூலம் கேளுங்கள்.