மே மாதம் ஐரோப்பா, ஜூன் மாதம் நாவலா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு வெளிநாடு போய்வரும் எழுத்தாளர்கள், விமானத்தை விட்டு இறங்கியதுமே "அடுத்த நாவலுக்குக் கரு கிடைத்துவிட்டது" என்று பேட்டி கொடுக்கிறார்கள். நான் பதினோரு வருடமாக எழுதுகிறேன். பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஊரைத் தாண்டாததால்தான் என் கதைகள் எடுபடவில்லையோ என்று தோன்றுகிறது. சேமிப்பில் கை வைத்து இந்த மே மாதம் ஐரோப்பா டூர் போய்வரலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆசையாக இருந்தால் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் அந்தச் செலவை எழுத்துக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் பேட்டிகளில் எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. ஈஃபில் கோபுரத்தின் முன்னால் கழுத்தில் மஃப்ளரோடு ஓர் எழுத்தாளர் நிற்கும் படம் வந்தால் அரைப் பக்கம் சிரமமில்லாமல் நிறைந்துவிடுகிறது. அதே மனிதர் லுங்கியோடு உட்கார்ந்து ஒரே பத்தியை ஒன்பதாவது தடவையாக அடித்துத் திருத்தும் படத்தை யார் எடுக்கிறார்கள்? எடுத்தாலும் யார் போடுகிறார்கள்?

'ஊர் சுற்றினால் எழுத்து வரும்' என்று வாதாடுகிறவர்கள் வழக்கமாக ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மானைத் துணைக்கு அழைப்பார்கள். நானும் அவரையே அழைக்கிறேன். என் கட்சிக்குத்தான் அவர் நல்ல சாட்சி.

1911 மே மாதம், மனைவி காத்யா, அண்ணன் ஹைன்ரிக் இருவரோடும் ஓய்வெடுக்கக் கிளம்பினார் மான். முதலில் போன பிரியோனித் தீவு பிடிக்கவில்லை. கப்பலேறி வெனிஸ் போய், லிடோ கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினார்கள். மே 26 முதல் ஜூன் 2 வரை, ஒரே ஒரு வாரம். அந்தப் பயணத்தில் கண்டதெல்லாம் 'வெனிஸில் மரணம்' குறுநாவலுக்குள் வந்துவிட்டது. கப்பலில் மையும் சாயமும் பூசிக்கொண்டு வாலிபர்களோடு கூத்தடித்த கிழவர், உரிமம் இல்லாமல் படகோட்டிய ஆள், தடம் மாறி வேறு ஊருக்குப் போய்விட்ட பெட்டி, காலரா பரவுவதை ஒளிக்காமல் சொன்ன பயண அலுவலக எழுத்தர், ஹோட்டலில் தங்கியிருந்த போலந்துக் குடும்பத்துப் பையன். இதில் எதையும் தான் இட்டுக்கட்டவில்லை என்று 1930-இல் அவரே எழுதினார்.

அப்படியானால் டிக்கெட் வாங்கினால் கதை வந்துவிடும்தானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கூடவே போன அண்ணன் ஹைன்ரிக்கும் பெயர்பெற்ற நாவலாசிரியர். தொலைந்தது அவருடைய பெட்டி. பெட்டியைப் பறிகொடுத்தவருக்கு வராத கதை, பக்கத்தில் நின்ற தம்பிக்கு வந்தது.

ஏனென்றால் தம்பி வெறுங்கையோடு போகவில்லை. எழுபதைத் தாண்டிய மகாகவி கதே, 19 வயதுப் பெண் ஒருத்தியிடம் மனதைப் பறிகொடுத்துத் தலைகுனிந்த கதையை எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் வயதான காலத்தில் ஆசையால் சரிவது, அதுதான் அவரை விடாமல் அரித்துக்கொண்டிருந்த விஷயம். பயணத்தின்போதே, மே 18 அன்று, இசைமேதை குஸ்தாவ் மாலர் வியன்னாவில் இறந்துபோனார். மாலரின் முகச்சாயலும் 'குஸ்தாவ்' என்ற பெயரும், அந்தப் போலந்துப் பையனிடம் மனதைப் பறிகொடுக்கும் கதாநாயகனுக்குப் போய்ச் சேர்ந்தன. வெனிஸ் செய்ததெல்லாம், இவர் கொண்டுவந்த சரக்கை இறக்கிவைக்க ஒரு திண்ணை கொடுத்ததுதான். லிடோவில் இருந்த அந்த வாரம் அவர் என்ன எழுதினார் தெரியுமா? இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை. அதுவும் ஹோட்டல் பெயர் அச்சிட்ட தாளில்! குறுநாவலை வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கினார். முடிக்க ஒரு வருடம் ஆயிற்று.

அடுத்த வருடம் மே, ஜூனில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ். மனைவி அங்கே நுரையீரல் நோயாளிகளுக்கான மருத்துவமனையில் இருந்தார். பார்க்கப் போனவரின் நெஞ்சைத் தட்டிப் பார்த்த டாக்டர், நீங்களும் ஆறு மாதம் தங்குவது நல்லது என்றாராம். இவர் நழுவி ஊருக்கு வந்து, ஒரு சின்னக் கதையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். நடுவில் உலகப்போரும் வந்துபோனது. 'மாய மலை' என்ற அந்தப் பெரும் நாவல் வெளிவந்தது 1924-இல். சில வாரப் பயணத்துக்குப் பன்னிரண்டு வருடம்! விமான நிலையப் பேட்டியில் இந்தக் கணக்கு வராது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது கோடைதான். 1926-இல் குடும்பத்தோடு இத்தாலியின் ஃபோர்தே தெய் மார்மி கடற்கரைக்குப் போனார்கள். முசோலினியின் ஆட்சிக்காலம். ஒருநாள் இரவு மந்திரவாதி ஒருவனின் வசியக் காட்சி. கூட்டத்தில் இருந்த, தேநீர் பரிமாறும் பணியாள் ஒருவனை மேடைக்குக் கூப்பிட்டு, மயக்கி, நான்தான் உன் காதலி என்று நம்பவைத்து, எல்லார் முன்னாலும் தன்னை முத்தமிட வைத்தான் அந்த மந்திரவாதி. தெளிந்ததும் பையன் கூச்சத்தோடு ஓடிவிட்டான். மறுநாள் வழக்கம்போலத் தேநீர் கொண்டுவந்து வைத்தபோது ஒரே உற்சாகம், மந்திரவாதியின் திறமையைப் பாராட்டவும் செய்தான். நடந்தது இவ்வளவுதான்.

இதை வைத்து மான் எழுதிய 'மாரியோவும் மந்திரவாதியும்' கதையைப் படித்தவர்களுக்கு முடிவு தெரியும். மேடையிலிருந்து இறங்கி ஓடும் மாரியோ திரும்பி நின்று மந்திரவாதியைச் சுட்டுவிடுகிறான். அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? வீடு திரும்பி நடந்ததை மான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய மூத்த மகள், அவன் அந்த ஆளைச் சுட்டிருந்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது என்றாராம். கதையின் உயிரே அந்த ஒரு வரியில் இருக்கிறது. சொன்னவரோ அந்தக் காட்சியைப் பார்க்காமல் வீட்டில் இருந்த ஆள்.

அதையும் அவர் உடனே எழுதிவிடவில்லை. மூன்று வருடம் கழித்து, 1929 கோடையில், பால்டிக் கடலோரம் ஓய்வுக்குப் போன இடத்தில் எழுதினார். எழுதிக்கொண்டிருந்த யோசேப்பு நாவலுக்கான கட்டுக்கட்டான தாள்களைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. குறிப்புப் புத்தகம் எதுவும் தேவைப்படாத கதை ஒன்றை மனதிலிருந்தே எழுதலாமே என்று கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தாலியக் கடற்கரை பால்டிக் கடற்கரையில்தான் கதையாயிற்று.

பாஸ்போர்ட் பற்றிக் கேட்டீர்கள். காஃப்கா அமெரிக்காவை ஒரு நாவலாகவே எழுதினார். கடைசிவரை அங்கே போனதில்லை. அவருடைய சுதந்திர தேவி சிலை கையில் தீப்பந்தத்துக்குப் பதிலாக வாள் வைத்திருக்கும். எவனும் அதைப் பிழை என்று சொல்வதில்லை. நம் ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனது பிழைப்புக்காக. ஊர் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டே எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-இல்தான் புத்தகமாக வந்தது. அவரிடம் யாரும் கரு கிடைத்ததா என்று மைக்கை நீட்டவில்லை.

இப்போது உங்கள் விஷயம். போன மாதம் நீங்கள் அனுப்பிய கதை என் மேஜையில் இருக்கிறது. பித்தளை அண்டாவைப் பழைய விலைக்குப் போட வருகிற அம்மாள், அதன் கழுத்தில் வெட்டியிருக்கும் தன் பெயரைக் கடைக்காரர் பார்த்துவிடாதபடி முந்தானையால் மூடிக்கொண்டே தராசில் வைக்கிறாள். அவரோ பெயரைப் படிக்காமல், விரலால் ஒரு சுண்டு சுண்டிச் சத்தத்தை வைத்தே எடையைச் சொல்லிவிடுகிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டு அடுத்த அறையில் இருந்த உதவி ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் ஏழாம் பக்கத்தில் அந்த அம்மாள் திடீரென்று மகனோடு சுவிட்சர்லாந்தில் நின்று பனிமலையைப் பார்த்துக் கண்கலங்குகிறாள். ஏனம்மா?

அந்தக் கடைசி இரண்டு பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். தராசு வரைக்கும் நடந்ததை வீட்டில் யாரிடமாவது வாயால் சொல்லிப் பாருங்கள், காய்கறி நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ. கேட்டவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். டூருக்கு முன்பணம் கட்டுவதற்குள் போட்டுவிட்டால் நல்லது.