மனச்சோர்வுக்குச் செயலி போதுமா? காரைக்குடியிலிருந்து சில பதில்கள்

காரைக்குடியில் 19 ஆண்டுகளாக மனநல ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கைப்பேசிச் செயலிகளும் இணையவழிப் பயிற்சிகளும் உண்மையிலேயே உதவுமா என்று நம் வட்டாரத்து நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் 64 வயதான என் தாயார் தனியாக இருக்கிறார். அப்பா இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. முகப்பையும் அடுப்படியையும் தவிர வேறு எந்தக் கதவையும் அவர் திறப்பதில்லை. பசியும் உறக்கமும் குறைந்துவிட்டன. நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது அவர் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தால் பயன் உண்டா?

ஏற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பிப் போய்விட்டால் பயன் மிகக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு வாரமும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஒருவர் அழைத்து, "இந்த வாரப் பயிற்சியில் எது வரைக்கும் வந்தீர்கள், எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்பாரானால் பயன் உண்டு. துணையோடு செய்யும் பயிற்சியும் துணையின்றித் தானாகச் செய்யும் பயிற்சியும் ஒன்றல்ல. இலேசான சோர்வில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. சோர்வு நடுத்தர அளவைத் தாண்டிவிட்டால் துணையோடு செய்தவர்களே கூடுதலாக நலம் பெற்றார்கள் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தப் பயிற்சிகளில் நம் ஆச்சிமார்களுக்கு மிகவும் பொருந்துவது செயலூக்க முறை என்பது என் அனுபவம். சோர்ந்தவர் தம் செயல்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்கிறார்; அப்படிக் குறைக்கக் குறைக்க மனத்துக்கு இதம் தரும் வேலைகளும் மனித முகங்களும் விலகிப் போகின்றன; அதனால் சோர்வு மேலும் கூடுகிறது. மனம் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சிறியதொரு செயலை முதலில் செய்து அதன்வழி மனத்தை எழுப்புவதே இம்முறை. கோவாவில் மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டுமே பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 8 அமர்வுகளாக இதைக் கையாண்டபோது, கடுமையான சோர்வு கொண்டவர்களும் நலம் பெற்றதை 2017-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சியிடம் இதைக் கண்ணால் பார்த்தேன். "உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செயல் ஒன்றை எழுதுங்கள்" என்று திரையில் வந்த கட்டத்தை அவர் இரண்டு வாரமாக வெறுமையாகவே விட்டிருந்தார். நேரில் போய், "முன்பு கை சும்மா இருக்கும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதும், "கொட்டான் முடைவேன்" என்றார்; கொட்டான் என்பது பனையோலைக் கூடை. முதல் நாள் பனையோலையைத் தண்ணீரில் நனைத்து வைப்பது மட்டும் போதும் என்று பேசி வைத்துக்கொண்டோம். மறுநாள் கிழிப்பது. மூன்றாம் நாள் நான்கு ஓலையைப் பின்னுவது. ஒவ்வொரு நாளும் செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று செயலியில் குறிக்க வேண்டும். ஐந்தாம் நாள் 2 என்பது 4 ஆனதைத் தம் கண்ணாலேயே பார்த்தபோதுதான் அவருக்கு அந்தப் பயிற்சியில் நம்பிக்கை பிறந்தது.

உங்கள் தாயாருக்கும் அப்படி ஒரு வேலை இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லச் செயலியால் முடியாது, உங்களால் முடியும். அதற்கும் முன்பாக ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் சென்று தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கோளாறுகளும் இதே அறிகுறிகளோடு வருவதுண்டு.

கேள்வி: தேவகோட்டையில் வங்கி ஊழியராக இருக்கிறேன், வயது 36. ஆர்வமாகத் தொடங்கிய செயலியைப் பத்து நாளில் விட்டுவிட்டேன். இதைக்கூட முடிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வு கூடிவிட்டது. தவறு என்னுடையதா?

இல்லை. மனநலச் செயலிகள் நடைமுறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்று அளந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 15ஆம் நாளில் செயலியைத் திறந்தவர்கள் ஏறத்தாழ 100-க்கு 4 பேர்தான். முயற்சி எடுக்கும் வலுவைக் குறைப்பதே மனச்சோர்வின் இயல்பு. அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் நாள்தோறும் தாமாகவே முயற்சி எடுக்கச் சொல்லும் கருவியைத் தனியாகக் கொடுத்தால் அவர் விட்டுவிடுவார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பெண்மணிக்குச் செயலியைப் பரிந்துரைத்துவிட்டு, ஒரு மாதம் அழைத்துக் கேட்காமல் இருந்துவிட்டேன். அவர் மூன்றாம் நாளே நிறுத்தியிருந்தார். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக் கொண்டு ஒரு மாதத்தைத் தனிமையில் கழித்திருந்தார். அது என் பிழை. அன்றிலிருந்து வாராந்தர அழைப்புக்கு நேரம் குறிக்காமல் எவருக்கும் செயலியைப் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால் இந்த முறை ஓர் ஆலோசகரையோ நம்பிக்கைக்குரிய நண்பரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை இணையத்தில் நிரப்பினேன்; 16 மதிப்பெண் வந்தது. இதற்கு என்ன பொருள்?

நீங்கள் நிரப்பியது பி.எச்.க்யூ-9 என்னும் படிவம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை குறித்து, மொத்தம் 27-க்குக் கணக்கிடுவார்கள். 5 முதல் இலேசானது, 10 முதல் நடுத்தரமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது என்பது வழக்கமான பகுப்பு. 16 என்பதை வைத்து மட்டும் நோய் இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் செயலியோடு மட்டும் நின்றுவிடக் கூடாது, இந்த வாரத்திலேயே மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று அந்த எண் சொல்கிறது.

மொத்தத்தைக் காட்டிலும் நான் முதலில் பார்ப்பது ஒன்பதாம் கேள்வியை. வாழ வேண்டாம் என்றோ தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்று கேட்கும் அந்த வரியில் 1 குறித்திருந்தால்கூட, மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், இன்றே ஒரு மனிதரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி, அன்று இரவு தனியாக இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சி நன்றாகப் போகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். குறைப்பதா, எப்போது குறைப்பது என்பதை மருந்து எழுதிய மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிறோம். நான் இப்படி ஒரு செயலியைப் பயன்படுத்துவது ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

உங்கள் அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை; ஒரு வளவில் பேசியது மறுநாள் கோயிலில் கேட்கும் ஊர்களில்தான் நாம் வாழ்கிறோம். உங்களுக்குச் சிகிச்சை தருபவர் உங்கள் விவரங்களைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. செயலி நடத்தும் எல்லா நிறுவனங்களும் மருத்துவமனைகள் அல்ல என்பதால் அங்கே நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்: தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் மறுத்துவிடுங்கள், சொந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள், பதிவுகளை அழிக்க வழி இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள்.

கேள்வி: பொன்னமராவதிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். திரை வழியாக மருத்துவர் பார்ப்பதெல்லாம் நகரங்களில் இருப்பவர்களுக்கு மட்டும்தானே?

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்னும் மனநலத் தொண்டு அமைப்பு 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள் அமர்ந்தவர்களைச் சென்னையிலிருந்த மருத்துவர் திரை வழியே பார்த்தார், மாத்திரையும் அந்தப் பேருந்திலேயே கிடைத்தது. திரைக்கு இந்தப் பக்கம், நோயாளிக்கு அருகில், உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் இருந்தார் என்பதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். இன்று நீங்கள் 14416-ஐ அழைத்தும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டறிந்தும் தொடங்கலாம்.

கேள்வி: எத்தனை வாரம் செய்து பார்க்கலாம்?

பெரும்பாலான பயிற்சிகள் 6 முதல் 10 வாரங்களுக்கு அமைந்தவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே சொன்ன படிவத்தை நிரப்புங்கள். 5 மதிப்பெண் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். நான்கு வாரமாகியும் எண் அசையவில்லை என்றாலோ, இடையில் கூடினாலோ, பயிற்சி முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். மதிப்பெண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி உடன் எடுத்துச் செல்லுங்கள்.