உப்பில்லாத சாப்பாடு பிரஷரைத் தடுக்குமா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் பிரசவத்தில் எட்டாம் மாதம் பிரஷர் ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இப்போது மறுபடி 13 வாரம். அதே கதை ஆகக்கூடாது என்று மாமியார் உப்பே போடாமல் சமைத்துத் தருகிறார். வாயில் வைக்க முடியவில்லை. இது தேவைதானா?

பதில்: தேவையில்லை. அளவாக உப்புப் போட்டே சாப்பிடுங்கள். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு வரும் இந்த பிரஷர் நஞ்சுக்கொடியில் தொடங்குகிறது. அதற்குப் போகும் கர்ப்பப்பை ரத்தக்குழாய்கள் ஆரம்ப மாதங்களில் சரியாக விரிந்து கொடுக்காததுதான் பெரும்பாலும் காரணம். உப்பை அறவே நிறுத்தினால் இது வராது என்று எந்த ஆய்விலும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் நொறுக்கு எல்லாம் வேறு கணக்கு, அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு போதும்.

நான் கவலைப்படுவது கால்சியத்தைப் பற்றி. உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது என்பதால்தான் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் 170 போலக் கிடைக்கும். தயிர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்த்தாலும் தினமும் ஆயிரத்தைத் தொடுவது கஷ்டம். அதனால்தான் 14 வாரத்திலிருந்து மாத்திரை தருகிறார்கள். பெங்களூருவிலும் தான்சானியாவிலும் நடந்து 2024இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த பிரஷரைத் தடுப்பதில் தினம் 500 மில்லிகிராம் கொடுத்ததும் 1500 கொடுத்த அளவுக்கே பலன் தந்தது. ஆகவே ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் பயப்படாதீர்கள், ஆனால் அடியோடு விட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயம், இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ராத்திரி சேர்த்து விழுங்கி மேலே ஒரு டம்ளர் பாலும் குடிக்கிறவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காலைச் சாப்பாட்டோடு கால்சியம், குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வீங்கினால் பார்லித் தண்ணீர் கொடுப்பார்கள். குடிக்கலாம், தப்பில்லை, ஆனால் பிரஷர் குறையாது. இருமலுக்கு அதிமதுரம் மட்டும் வேண்டாம், அது பிரஷரை ஏற்றிவிடும். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று தட்டை நிரப்பினாலும் சோற்றைக் குறைத்து, பருப்பும் காயும் கூட வைக்கச் சொல்லுங்கள். எடை மளமளவென்று ஏறுவதும் நல்லதில்லை.

சாப்பாட்டைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. முதல் பிரசவத்தில் இது வந்தவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன் அதிகம். இந்த வாரமே போய், பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாக மருந்துக் கடையில் வாங்க வேண்டாம்.

அப்புறம், 140/90க்கு மேல் போனாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமோ கையோ திடீர் வீக்கம் வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவம் ஆன பிறகும் ஆறு வாரம் வரை பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்.