குழந்தையின் தலை ஒரு பக்கமே சாய்கிறதா? ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

மகனுக்கு 2 மாதம். தலை எப்போதும் வலது தோள் பக்கம் சாய்கிறது, முகம் இடது பக்கமே திரும்புகிறது. கழுத்தில் சின்னக் கட்டியும் இருக்கிறது. புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

பயப்படாதீர்கள். நீங்கள் சொல்வது டார்டிகோலிஸ் என்கிற கழுத்துச் சாய்வு போலத்தான் இருக்கிறது. காதின் பின்புறத்திலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை இறங்குகிறது. வலப்பக்கத் தசை இறுகினால் தலை வலது தோளுக்குச் சாயும், தாடை இடப்பக்கம் போகும். பிறந்த சில வாரங்களில் அந்தத் தசைக்குள் இப்படிக் கட்டி வருவதுண்டு. அது புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரைந்துவிடும். ஆனாலும் குழந்தை நல டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும்.

பேத்திக்கு உரம் விழுந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சேலையில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும் என்கிறேன், மருமகள் விடமாட்டேன் என்கிறாள்.

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதில் மருமகள் சொல்வதைக் கேளுங்கள். பச்சைக் குழந்தையின் கழுத்து உருட்டலையோ திடீர்த் திருப்பலையோ தாங்காது. இறுகிய தசை ஒரே இழுப்பில் நீளவும் செய்யாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீளும். எண்ணெய் தடவி மெதுவாக வருடிவிடுங்கள், கட்டியை மட்டும் அழுத்தாதீர்கள். விளையாட்டுக் காட்டுவதில் உங்களை மிஞ்ச யாரும் இல்லை. குழந்தை எந்தப் பக்கம் பார்க்க மறுக்கிறதோ, அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். பெரிய சிகிச்சையே அதுதான்.

வீட்டில் என்னென்ன செய்யலாம் மேடம்?

வலப்பக்கத் தசை இறுகிய குழந்தை என்றே வைத்துக்கொள்வோம். அது முகத்தை வலப்பக்கம் திருப்பப் பழக வேண்டும். தூங்க வைக்கும்போது நீங்கள் நடமாடும் பக்கம் அதற்கு வலப்பக்கமாக இருக்கட்டும். கிலுகிலுப்பையை அந்தப் பக்கம் ஆட்டுங்கள். பால் கொடுக்கும்போதும் வலப்பக்கம் திரும்பிக் குடிக்கும்படி பிடியுங்கள்.

விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பழக்குங்கள். ஆரம்பத்தில் ஒரு நிமிடமே போதும், நாளுக்குப் பல தடவை செய்யலாம். பாயில் அழுதால் உங்கள் நெஞ்சின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். தூங்குவது மட்டும் மல்லாந்துதான்.

தசையை நீட்டும் பயிற்சியை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்துக் காட்டிய பிறகு செய்யுங்கள். குழந்தை அழுது எதிர்த்தால் உடனே விடுங்கள், அப்புறம் பார்க்கலாம். ஒருநாள் பலமாகச் செய்வதைவிட, டயபர் மாற்றும் போதெல்லாம் மென்மையாகச் செய்வதுதான் பலன் தரும்.

5 மாதம் ஆகிவிட்டது. பின்தலையும் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. கடுகுத் தலையணை வைக்கலாமா?

வேண்டாம். தூங்கும் கைக்குழந்தைக்கு எந்தத் தலையணையும் பாதுகாப்பில்லை. ஒரே பக்கம் அழுந்தி அழுந்தித்தான் தலை தட்டையாகிறது. அதனால் தூளியில் நீண்ட நேரம் கிடத்துவதைக் குறைத்து, தூக்கி வைத்திருங்கள். பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள். முதல் மாதத்திலேயே தொடங்கியவர்களுக்கு ஒன்றரை மாதத்தில்கூடச் சரியாவதுண்டு. ஆறு மாதம் தாண்டினால் 9, 10 மாதங்கள்கூட ஆகலாம். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

6 வயது மகள், தொண்டைவலி வந்து போன பிறகு கழுத்தைத் திருப்ப முடியாமல் நிற்கிறாள். சுளுக்கு எடுக்கலாமா?

கூடவே கூடாது. இது கைக்குழந்தைக்கு வரும் சாய்வு இல்லை. தொண்டைத் தொற்றுக்குப் பிறகு கழுத்தின் மேல் எலும்புகள் விலகி நிற்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைடு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த மருந்தாலும் கழுத்து இழுத்துக்கொள்ளும். கழுத்துச் சாய்வோடு தலைவலி, காலை வாந்தி, நடையில் தள்ளாட்டம் இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

டிவி பார்க்கும்போது மட்டும் மகன் தலையைச் சாய்க்கிறான்.

அவனுடைய ஒரு கண்ணை மறைத்துப் பாருங்கள். தலை நேரானால் கோளாறு கண்ணில் இருக்கலாம், முதலில் கண் டாக்டரிடம் போங்கள்.

ஆபரேஷன் தேவைப்படுமா?

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது. ஒரு வயதுக்கு மேலும், ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தலை திரும்பவில்லை என்றால்தான் அந்தப் பேச்சே. தசையை விடுவித்து நீளமாக்குவார்கள். அதன் பிறகும் பயிற்சி உண்டு, அதை நிறுத்தினால் மறுபடி இறுகும்.