பூம் திடீரென்று நிற்கிறதா? பம்ப் வாங்க ஓடாதீர்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த மூன்று டன் மினி எக்ஸ்கவேட்டர் இருக்கிறது. காலையில் நன்றாக ஓடும். ஒரு மணி நேரம் தோண்டியதும் பூம் (பெரிய கை), ஆர்ம் (முன்கை), பக்கெட், ஸ்விங் (மேல்பாகம் சுழல்வது) நான்கும் ஒன்றாக நின்றுவிடும். செயின் ஓடுகிறது, பிளேடும் ஏறி இறங்குகிறது. ஆறவிட்டால் மறுபடி சரியாகிறது. மழை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். யாங்கோனில் ஒரு தரகர் பழைய பம்ப் தருகிறாராம். வாங்கலாமா? (மியான்மரின் தட்டோனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. செயினை ஓட்டும் பெரிய பம்ப்தான் பூமையும் தூக்குகிறது. செயின் பலமாக ஓடினால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த பம்ப், ஆயில் சூடேறச் சூடேற மெல்லச் சோர்ந்து போகும். நான்கு அசைவையும் ஒரே நொடியில் நிறுத்திவிட்டு, ஆறியதும் முழு பலத்தோடு திரும்பி வராது. இப்படி வந்து வந்து போவது கரண்ட் கோளாறு.

உங்கள் கை லீவர்கள் சுமார் 35 பார் அழுத்தத்தில் சிறிய ஆயில் ஓட்டம் ஒன்றை அனுப்புகின்றன. அதுதான் பெரிய வால்வைத் தள்ளுகிறது. அந்தச் சிறிய ஓட்டத்துக்குக் கதவுபோல ஒரு சோலினாய்டு வால்வு இருக்கிறது. சீட் பக்கத்து லாக் லீவரை வேலை நிலைக்குக் கொண்டுவந்தால், அதன் அடியிலுள்ள சுவிட்ச் கரண்ட் கொடுத்துக் கதவைத் திறக்கும். கரண்ட் பாய்ந்ததும் கதவை இழுக்கும் கம்பிச் சுருள்தான் காயில். அது சூடாகும்போது செம்புக் கம்பியின் தடை கூடும். 50 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 20 சதவீதம். பச்சை பூத்த கனெக்டர் ஏற்கெனவே இரண்டு மூன்று வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தால், இழுக்கப் பலமில்லாமல் கதவு மூடிக்கொள்ளும்.

சோதனையைக் காலையில் செய்யாதீர்கள், எதுவும் அகப்படாது. பூம் நின்ற அந்த நிமிடமே பக்கெட்டைத் தரையில் ஊன்றிய நிலையில் இன்ஜினை நிறுத்துங்கள். பக்கெட் அந்தரத்தில் நின்றுவிட்டால் அதன் அடியில் யாரும் போகக் கூடாது. சாவியை ஆனில் வைத்து லாக் லீவரை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். வால்வு பக்கம் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஃபியூஸைக் கழற்றி, கால்கள் பச்சையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு லாக் லீவர் சுவிட்சில் சேறு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். பலரும் தவறுவது இங்கேதான். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒரே ஒரு இழை மிஞ்சிய வயர்கூட 12 வோல்ட் காட்டும். கனெக்டர் மாட்டியபடியே, வயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். பேட்டரி அளவைவிட ஒரு வோல்ட் வரை குறையலாம். ஒன்பது எட்டு என்று காட்டினால் காயிலைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு வயரில். பேட்டரி மைனஸுக்கும் காயிலின் எர்த் வயருக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து இறுக்குங்கள்.

கனெக்டரைத் திறந்து பாருங்கள். ரப்பர் சீல் காணாமல் போயிருக்கும், உள்ளே பின் பச்சைப் பொடி பூத்திருக்கும். பக்கத்தில் யாரோ சுற்றிய கறுப்பு டேப் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். டேப்பை உரித்து, செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை வயரை வெட்டுங்கள். கறுத்த செம்பில் கிரிம்ப் (டெர்மினலை நசுக்கிப் பிடிப்பது) நிற்காது. புது டெர்மினல் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். மறுபடி டேப் வேண்டாம்.

“பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்துவிடுங்கள்” என்று ஆலோசனை வரும். கேட்காதீர்கள். லாக் லீவர் அதோடு செயலிழந்துவிடும். இறங்கும்போது முழங்கால் லீவரில் பட்டால் ஆர்ம் சுழன்று, பக்கத்தில் நிற்பவரை நசுக்கும். ஃபியூஸ் இல்லாத அந்த வயர் உரசினால் வண்டியே எரியும்.

ஒரு விதிவிலக்கு. ஒரு டன் அளவிலான பழைய வண்டிகள் பலவற்றில் கை லீவர் கம்பிகளால் நேராக வால்வைத் தள்ளும். லாக் லீவர் வெறும் கொக்கி. அங்கே இந்தச் சோலினாய்டே கிடையாது. லீவர் அடியில் இருக்கும் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய ஹோஸ்கள் தெரிந்தால் நான் சொன்னது பொருந்தும், இரும்புக் கம்பிகள் தெரிந்தால் பொருந்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல், இல்லாத வால்வுக்குக் காயில் விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. அதனால்தான் உறையைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் மூன்று டன் வண்டியில் ஹோஸ்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

முழு வண்டி கப்பலில் வந்து இறங்குகிறது. அதன் வயரிங் வரைபடத்தையும் சேர்த்துக் கொடு என்று துறைமுகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. உள்ளங்கையளவு காயிலுக்கோ இறக்குமதி உரிமம், காத்திருப்பு! இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

வோல்ட் சரியாக வந்தும் சூட்டில் ‘டக்’ இல்லையென்றால் காயிலையே சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் செயின் வேகம் மாற்றும் சோலினாய்டுக்கும் அதே காயில்தான். இரண்டையும் மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் காயில் போய்விட்டது. புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உள்துளை அளவும் பிளக் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். முக்கியமாக, மேலே 12 வோல்ட் என்று பொறித்திருக்க வேண்டும். பெரிய வண்டியின் 24 வோல்ட் காயில் பார்க்க அப்படியே இருக்கும், மாட்டவும் மாட்டும். உங்கள் வண்டியில் வால்வைத்தான் இழுக்காது.