அமெரிக்காவின் ஸ்விங் மாநிலங்களில் (எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடியவை) முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்களின் கட்சிக் கணக்கை வைத்து யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியுமா?

அந்தக் கணக்கை நம்பி 20 பேருக்குத் தோசை வார்த்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியாது.

நீங்கள் அநேகமாக வாட்ஸப்பில் சுற்றும் படம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நீலம் (டெமாக்ரட்) இவ்வளவு லட்சம், சிவப்பு (ரிபப்ளிகன்) இவ்வளவு லட்சம் என்று. அதில் இருப்பது ஓட்டு இல்லை, ஆட்கள். யாருக்குப் போட்டார்கள் என்பது தேர்தல் நாள் வாக்குப்பதிவு முடியும்வரை வெளியே வராது. நம்ம ஊர் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயர் இருக்காது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருக்கும். பெயரைப் பதியும்போதே டெமாக்ரட்டா, ரிபப்ளிகனா, எதுவும் இல்லையா என்று கேட்பார்கள். அன்று எழுதிக் கொடுத்ததுதான் அந்தப் படத்தின் நிறம். ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சினில் இந்தப் பதிவே கிடையாது. அங்கே கட்சிவாரிக் கணக்கு என்று யாராவது காட்டினால், அது வயது, இனம், பேட்டை எல்லாம் பார்த்துப் போட்ட ஊகம்.

இனி என் கதை. 2016 அக்டோபர், வட கரோலினா, ராலே பக்கம். இந்த மாநிலத்துத் தேர்தல் வாரியம் முன்கூட்டி ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலைத் தினமும் இணையத்தில் போடும். பெயர், வயது, கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), கட்சி எல்லாம் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆபீசில் நாள் முழுக்க எக்செல்லோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இது போதாதா? தினம் ராத்திரி சாப்பிட்டதும் பட்டியலை இறக்கி, கட்சிவாரியாகக் கூட்டிப் பார்க்க பிவட் டேபிள் போடுவேன். டெமாக்ரட்டுகள் நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு நண்பர் வீட்டில் கூடியபோது லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனேன். "ஹிலாரி இங்க ஜெயிச்சாச்சு, தோத்தா எல்லாருக்கும் என் வீட்ல தோசை" என்றேன். என் மனைவி பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாவரைக்கப் போவது யார் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது போல.

இதில் எனக்கு உறுத்துவது தோற்றது இல்லை. அதற்கு முந்தின வாரமே ஒருவர் எனக்கு விடையைச் சொல்லியிருந்தார். எங்கள் கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட பெரியவர், ராப்சன் கவுண்ட்டிக்காரர். என் திரையை எட்டிப் பார்த்து, "என் பேரும் அதுல இருக்கா?" என்றார். தேடினேன். இருந்தது, பக்கத்தில் டெமாக்ரட் என்று. விழுந்து விழுந்து சிரித்தார். "நான் ட்ரம்புக்குத்தான் போட்டேன். எங்க ஊர்ல ஷெரிஃப் யாருன்னு முடிவாகிறதே டெமாக்ரட் பிரைமரியில, அதாவது கட்சிக்குள்ள நடக்கிற வேட்பாளர் தேர்தல்லதான், அதனால எங்க அப்பா காலத்துலேருந்து எல்லாரும் அதுலயே பதிஞ்சிருக்கோம்" என்றார். ஒரு ஆள் சொல்வது புள்ளிவிவரம் ஆகாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு எக்செல்லுக்குத் திரும்பினேன். 2012-இல் ஒபாமாவுக்குப் போட்ட ராப்சன் கவுண்ட்டி, அந்த வருஷம் ட்ரம்ப் பக்கம் போனது. மாநிலத்தையும் அவர் சுமார் 1.7 லட்சம் ஓட்டில் எடுத்தார்.

தோசை வார்த்து முடித்த பிறகுதான் 2012 பட்டியலை இறக்கிப் பார்க்கத் தோன்றியது. அந்த வருஷம் டெமாக்ரட்டுகளின் முன்னிலை இன்னும் பெரிது. அப்படியும் ஒபாமா இந்த மாநிலத்தில் தோற்றிருந்தார். பார்க்க வேண்டியது முன்னிலையை அல்ல, போன தடவைக்கு இந்தத் தடவை அது எவ்வளவு தேய்ந்தது என்பதை.

அதுவும் எப்போதும் உதவாது. 2020-இல் கோவிட் பயத்தில் டெமாக்ரட்டுகள் தபாலில் போட்டார்கள், தபால் ஓட்டே மோசடி என்று ட்ரம்ப் சொல்லி அவர் ஆட்கள் நேரில் போனார்கள். பென்சில்வேனியாவில் தபால் உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது. அதனால் அன்றிரவு ட்ரம்ப் 7 லட்சம் அளவுக்கு முன்னால் இருந்தார். எண்ணி முடித்தபோது பைடன் சுமார் 80,000-இல் ஜெயித்தார். 2024-இல் ரிபப்ளிகன் கட்சியே முன்கூட்டிப் போடுங்கள் என்று சொன்னதும் பழைய கணக்கெல்லாம் கலைந்தது. அதே பென்சில்வேனியாவில் தபாலில் டெமாக்ரட்டுகள் சுமார் 4 லட்சம் முன்னால் இருந்தும் தோற்றார்கள்.

"2024 நெவாடாவில் ரிபப்ளிகன்கள் முன்னால் இருந்தார்கள், ட்ரம்ப் ஜெயித்தாரே" என்று யாராவது கீழே கமெண்ட்டில் வருவீர்கள், தெரியும். சரி, வட கரோலினாவிலும் அந்த வருஷம் ரிபப்ளிகன்கள்தான் கொஞ்சம் முன்னால். ட்ரம்பும் ஜெயித்தார். ஆனால் அதே ஓட்டுச்சீட்டில் கவர்னர் (நம்ம முதல்வர் மாதிரி) பதவிக்கு டெமாக்ரட்டான ஜாஷ் ஸ்டைன் கிட்டத்தட்ட 15 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே பட்டியல்தான், எந்தத் தேர்தலை அது கணித்தது? போதாக்குறைக்கு இங்கே இப்போது எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள்தான் பெரிய கூட்டம். நெவாடாவிலும் அதே கதை.

"ஓட்டே இல்லாதவனுக்கு இத்தனை அக்கறை எதுக்கு" என்று நான் இதற்கு முன் எழுதிய ஒரு பதிலுக்கு ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஓட்டு இல்லைதான். 2011-இல் கிரீன் கார்டு வரிசையில் நின்று, கையில் வர 10 வருஷத்துக்கு மேல் ஆனது. பக்கத்து க்யூபிக்கிளில் எனக்குப் பிறகு விண்ணப்பித்த போலந்துக்காரர் எப்போதோ குடியுரிமை வாங்கி ஓட்டும் போட்டுவிட்டார். பிறந்த நாட்டை வைத்து வரிசை. வரி மட்டும் எனக்குக் காத்திருக்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

அந்தப் பெரியவர் ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார். 2024-இலும் பட்டியலை இறக்கி, முதலில் அவர் பெயரைத்தான் தேடினேன். முதல் வாரமே போட்டிருந்தார். பக்கத்தில் இன்னும் டெமாக்ரட்.