பேரளம் - காரைக்கால் பழைய லைன்: கேட்டதும் சொன்னதும்

நான் இருப்பது கடலூர் முதுநகர், அம்மா ஊர் அம்பகரத்தூர். அதனால் பேரளம் - காரைக்கால் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பழைய ரயில் பாதை) மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. கேளுங்கள், சொல்கிறேன் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பாகூர்க்காரர்: காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர், சுற்றிலும் இங்கிலீஷ்காரன் தஞ்சாவூர் ஜில்லா. அப்புறம் யார் சார் ரயில் விட்டது?

இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை 1894-இல் திறந்தது. அதில் பேரளம் ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து ஒரு கிளை இழுத்தால் காரைக்கால் துறைமுகத்துக்கு நெல்லும் அரிசியும் நேரே வந்துவிடும் என்பது பிரெஞ்சு அரசின் கணக்கு. 1898 மார்ச் 14-இல் திறந்தார்கள், சுமார் 23 கி.மீ. பாதை பிரெஞ்சு அரசின் சொத்து, வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. உங்கள் புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து 1879-லேயே ரயில் வந்துவிட்டது, காரைக்கால்தான் இன்னும் 19 வருடம் காத்திருந்தது.

முத்தியால்பேட்டையிலிருந்து: அப்படியென்றால் ரயிலிலேயே எல்லை தாண்ட வேண்டுமே, மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள், ஆனால் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1941-இல் இரண்டு அரசுக்கும் சுங்க ஒப்பந்தம் வந்ததும் கொஞ்சம் தளர்ந்தது, 1949-இல் அது முறிந்ததும் கெடுபிடி திரும்பியது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்ததோடு அந்தத் தொல்லை விட்டது. பாட்டி சொல்வாள், நாலு முழம் சீமைத் துணி வாங்கினால் அதைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஏறுவார்களாம். பாட்டி கொஞ்சம் கூட்டியும் சொல்வாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெல்லிக்குப்பம் தம்பி: நஷ்டம் என்றுதானே மூடினார்கள்? கூட்டமே இல்லையா அண்ணே?

கூட்டம் இருந்தது தம்பி, அதுவும் திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அது இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை. மற்ற நாளில் என்ன ஆகும் என்றால், ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி வயல் ஓரத்தில் இருக்கும், பஸ் கடைத்தெருவிலேயே நிற்கும். ரயிலில் போனால் பேரளத்தில் இறங்கி மாயவரம் வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும், பஸ்காரன் ஏற்றிக்கொண்டு நேரே கொண்டுபோய் விட்டுவிடுவான். சரி, சரக்காவது காப்பாற்றியிருக்கும் என்றால், பழைய துறைமுகம் படுத்துவிட்டது, நெல் லாரிக்குப் போய்விட்டது. செலவு மட்டும் குறையாது. ஒரு நாளைக்கு நாலு வண்டி ஓடினாலும் நாற்பது ஓடினாலும் ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கேட்கீப்பர், தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துத்தானே ஆக வேண்டும். வருமானம் குறைகிறது என்று வண்டியைக் குறைப்பார்கள், வண்டி குறைந்ததும் இருக்கிற ஆளும் பஸ்ஸுக்குப் போய்விடுவான். 1980-களின் பிற்பகுதியில் நிறுத்தியே விட்டார்கள்.

இது இந்த ஒரு லைனின் கதை மட்டும் இல்லை. 1926-இல் வந்த மாயவரம் - தரங்கம்பாடி லைன் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் எல்லாம் தொட்டுக்கொண்டு ஓடி 1986-இல் நின்றது. நீடாமங்கலம் - மன்னார்குடி இரண்டுக்கும் முன்னாடியே, 1976-இல் போய்விட்டது.

வில்லியனூரிலிருந்து: மன்னார்குடிக்கு இப்போது ரயில் ஓடுகிறதே?

ஆமாம், 2011-இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கினாலும் ரயில்வே நிலம் நிலமாகவே கிடக்கும், இங்கே கவனிக்க வேண்டியது அதைத்தான். பேரளம் லைனிலும் தண்டவாளம் கிடந்த பழைய மண் கரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததே தவிர பெரும்பாலும் கையை விட்டுப் போகவில்லை, அதனால்தான் புது அகலப்பாதை போட்டு 2025-இல் சோதனை ஓட்டம் வரை வர முடிந்தது. டெல்டாவில் இன்றைக்குப் புதிதாக நிலம் எடுத்துப் பாதை போடுவது என்றால் பேரன் காலத்தில்கூட நடக்காது.

மஞ்சக்குப்பம் அக்கா: நாகூர் வழியாகக் காரைக்காலுக்கு ரயில் இருக்கும்போது இது எதற்குத் தம்பி?

நாகூர் - காரைக்கால் பாதை 2011-இல் வந்தது அக்கா. அதில் போனால் மாயவரத்திலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று ஒரு பெரிய சுற்று. பேரளத்தில் திரும்பினால் அந்தச் சுற்று மிச்சம், திருநள்ளாறும் வழியிலேயே வந்துவிடும். இப்போதுள்ள புதுத் துறைமுகத்தின் நிலக்கரி வண்டிகளுக்கும் இதுதான் குறுக்கு வழி.

திருப்பாதிரிப்புலியூர்: அதெல்லாம் இருக்கட்டும், கடலூர் - புதுச்சேரிக்கு எப்போது?

இது வரும் என்று தெரியும்! ரோட்டில் இருபது கி.மீ. சொச்சம், ரயிலில் விழுப்புரம் சுற்றி எண்பதுக்கு மேல். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை ஒரு பாதை பல வருடமாகக் காகிதத்தில் இருக்கிறது. இங்கே பழைய கரை எதுவும் கிடையாது, எல்லாம் புது நிலம். மேலே வில்லியனூர்க்காரருக்குச் சொன்னதை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: பழைய லைனின் மிச்சம் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?

பாதையில் தேடாதீர்கள், மேலே புது ஜல்லி கொட்டியாயிற்று. அம்பகரத்தூரில் மாமா வீட்டுக் கொட்டிலில், ஏலத்துச் சாமான் கடையில் வாங்கிய மீட்டர்கேஜ் தண்டவாளத் துண்டு ஒன்று மாடு கட்டும் முளையாக நிற்கிறது. வந்தால் காட்டுகிறேன். அதில் கட்டியிருக்கும் மாடு முட்டும், கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள்.